பெயரன்: கிரேக்கப் பெயர்கள் நடந்து வந்த பாதை

பிள்ளையின் பிள்ளையை நாம் பேரன் என்கிறோம். அச்சொல்லின் பழைய வடிவம் 'பெயரன்' என்பதாகும். பாட்டனின் பெயரைத் தாங்கி வருபவன் என்பது அதன் பொருள். ஓர் உறவைச் சுட்டும் சொல்லுக்குள்ளேயே ஒரு சமுதாயத்தின் வழக்கம் உறைந்து கிடப்பதை இங்கே காண்கிறோம். மறைந்த பாட்டனாரின் பெயரைப் பிறந்த குழந்தைக்கு இட்டு, வீட்டில் அப்பெயர் மீண்டும் ஒலிக்கக் கேட்டு மகிழ்வது நம்மவர் இல்லங்களில் இன்றும் மறையாத வழக்கமே.

இதே வழக்கத்தை ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகக் கைவிடாது போற்றிவரும் மற்றோர் இனம் உண்டு. அவர்கள் கிரேக்கர்கள். சங்கப் புலவர்கள் வழங்கிய 'யவனர்' என்ற சொல்லும், அரபு மொழியில் கிரேக்க நாட்டைக் குறிக்கும் 'யூனான்' என்ற சொல்லும் இயோனியா என்னும் ஒரே நிலப்பகுதியின் பெயரிலிருந்து கிளைத்தவையே. இந்த நீண்ட காலத்தில் கிரேக்கர் தம் தெய்வங்களை மாற்றிக்கொண்டனர். பல அரசுகளின் கீழ் வாழ்ந்தனர். தம் இனத்தின் பெயரையே ஒரு காலத்தில் துறந்து, பின்னர் மீட்டுக்கொண்டனர். இத்தனை மாற்றங்களுக்கிடையே அவர்தம் ஆட்பெயர்கள் என்னவாயின? நம்பிக்கை மாறும்போது பெயரும் மாற வேண்டுமா? ஒரு பெயரின் உயிர் அதன் பொருளில் இருக்கிறதா, அல்லது அதை முன்னர்த் தாங்கியவரின் நினைவில் இருக்கிறதா? கிரேக்கப் பெயர்களின் வரலாறு முழுவதும் இந்த வினாக்களுக்கான விடையாகவே அமைந்துள்ளது.

இரு சொல், ஒரு பெயர்

பழங்கிரேக்கருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒருவருக்கு ஒரே பெயர். அதனுடன் தந்தையின் பெயர் சேரும். கி.மு. 508ஆம் ஆண்டையொட்டி கிளைஸ்தனீஸ் செய்த சீர்திருத்தத்திற்குப் பின் ஏதென்ஸ் நகரக் குடிமகனுக்கு அவன் பதிவுபெற்ற ஊரின் பெயரும் உடன் சேர்ந்தது. அலோப்பெக்கே ஊரைச் சேர்ந்த சோப்ரோனிஸ்கஸின் மகன் சாக்ரடீஸ். கொலார்கோஸ் ஊரைச் சேர்ந்த சாந்திப்பஸின் மகன் பெரிக்ளிஸ். இவ்வாறே அவர்கள் அறியப்பட்டனர்.

உயர்குடியினர் பெயர்களில் பெரும்பாலானவை இரண்டு சொற்களை இணைத்து அமைந்தவை. 'கிளெயோஸ்' என்றால் புகழ், 'நிக்கே' வெற்றி, 'தேமோஸ்' மக்கள், 'ஸ்தேனோஸ்' வலிமை, 'க்ராத்தோஸ்' ஆற்றல், 'ஹிப்போஸ்' குதிரை, 'அரிஸ்தோஸ்' மிகச் சிறந்தது. இத்தகைய இருபது முப்பது சொற்களைக் கொண்டே அம்மக்கள் ஆயிரக்கணக்கான பெயர்களை ஆக்கினர். டெமாஸ்தனீஸ் என்பதற்கு மக்களின் வலிமை என்பது பொருள். தெமிஸ்டாக்ளிஸ் அறநெறியின் புகழ். பெரிக்ளிஸ் புகழால் சூழப்பட்டவன். நிக்கோலாஸ் மக்களின் வெற்றி. பிலிப்பு குதிரைகளை நேசிப்பவன். அலெக்சாந்தர் மனிதரைக் காப்பவன். அரிஸ்டாட்டிலின் பெயர் சிறந்த நோக்கம் எனப் பொருள்படும். சாக்ரடீஸ் என்னும் பெயரில் நலமும் ஆற்றலும் இணைந்துள்ளன. கிளியோபாத்ரா என்பது தந்தையின் புகழைக் குறிப்பது.

இப்பெயர்களை ஒருசேர நோக்கினால் அச்சமுதாயம் எவற்றை உயர்வாகக் கருதியது என்பது விளங்கும். புகழ், வெற்றி, படை, குதிரை, மக்கள் மன்றம்: இவையே மீண்டும் மீண்டும் வருகின்றன. குதிரை வளர்ப்பது செல்வர்க்கே இயன்றது. ஆகவே 'ஹிப்போஸ்' என்னும் சொல் பெயரில் வந்தால் அது குடிப்பெருமையின் முத்திரையாகக் கருதப்பட்டது. மருத்துவ மேதை ஹிப்பாக்ரட்டீஸ் பெயரிலும் குதிரை உண்டு. சாக்ரடீஸின் மனைவி சாந்திப்பியின் பெயரிலும் பொன்னிறக் குதிரை உண்டு.

எனினும் பெயரின் பொருளுக்கும் அதனைத் தாங்கியவனுக்கும் தொடர்புண்டா என்னும் ஐயம் கிரேக்கருக்கே எழுந்தது. பிளேட்டோவின் 'க்ரட்டிலஸ்' என்னும் உரையாடல் நூல் இவ்வினாவையே எடுத்துக்கொள்கிறது. அதில் வரும் ஹெர்மோகனீஸ் என்பவனின் பெயருக்கு 'ஹெர்மிஸ் வழிப் பிறந்தவன்' என்பது பொருள். ஹெர்மிஸோ ஈட்டத்திற்கும் வாணிகத்திற்கும் உரிய தெய்வம். இவனிடமோ காசு தங்குவதே இல்லை. ஆதலால் இது உன் பெயரே அன்று என்று நண்பன் அவனைக் கேலி செய்கிறான். பெயர் இயற்கையாக அமைவதா, மனிதர் உடன்பட்டு வழங்குவதா என்னும் ஆழ்ந்த ஆராய்ச்சி இந்த எளிய கேலியிலிருந்தே தொடங்குகிறது.

பாட்டனாரின் உரிமை

குழந்தை பிறந்த பத்தாம் நாளில் உற்றார் உறவினரை அழைத்து விருந்திட்டுப் பெயர் சூட்டுவது ஏதென்ஸ் நகர வழக்கம். ஏழாம் நாளில் பெயரிடும் வழக்கத்தை அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். இறந்துபோகும் சிசுக்களில் பெரும்பாலானவை அதற்கு முன்னரே இறந்துவிடுவதால், அந்நாளைத் தாண்டிய குழந்தை பிழைக்கும் என்னும் நம்பிக்கையில் பெயரிட்டனர் என்று அவர் காரணமும் கூறுகிறார். பெயர் என்பது, இக்குழந்தை நம்முடன் இருக்கப்போகிறது என்று ஒரு குடும்பம் துணிந்து சொல்லும் சொல்லாக இருந்தது.

அச்சொல் பெரும்பாலும் பாட்டனாரின் பெயராகவே இருந்தது. மாரத்தான் போரில் வெற்றி கண்ட மில்ட்டியாடிஸின் தந்தை பெயர் கிமோன். அவனுடைய மகன் பெயரும் கிமோன். அரிஸ்டாட்டிலின் தந்தை நிக்கோமாக்கஸ், மாசிடோனிய அரசனின் மருத்துவர். அரிஸ்டாட்டில் தம் மகனுக்கும் நிக்கோமாக்கஸ் என்றே பெயரிட்டார். அறவியல் பற்றிய அவருடைய பெருநூல் இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது. தாய்வழிப் பாட்டனாரின் பெயரும் வருவதுண்டு. ஏதென்ஸ் நகரில் மக்களாட்சிக்கு வழிகோலிய கிளைஸ்தனீஸ், சிசியோன் நகரை ஆண்ட தன் தாய்வழிப் பாட்டனின் பெயரைத் தாங்கியவன்.

இவ்வழக்கம் எத்துணை உறுதியாக வேரூன்றியிருந்தது என்பதை அரிஸ்டோபனீஸின் 'மேகங்கள்' என்னும் நகைச்சுவை நாடகம் காட்டுகிறது. கி.மு. 423இல் மேடையேறிய அந்நாடகத்தில் ஸ்ட்ரெப்சியாடிஸ் என்னும் நாட்டுப்புறத்தான் நகரத்து உயர்குடிப் பெண்ணொருத்தியை மணக்கிறான். மகன் பிறந்ததும் சண்டை தொடங்குகிறது. பெயரில் குதிரை இருந்தாக வேண்டும் என்பது அவள் பிடிவாதம். தன் தந்தையின் பெயரான ஃபைடோனிடிஸையே இடவேண்டும் என்பது அவன் பிடிவாதம். அப்பெயரோ சிக்கனத்தைக் குறிப்பது. இறுதியில் இரண்டையும் வெட்டி ஒட்டி ஃபைடிப்பிடிஸ் என்று வைக்கிறார்கள். சிக்கனமும் குதிரையும் ஒரே பெயரில் ஏறிக்கொள்கின்றன! வளர்ந்த மகன் குதிரைப் பந்தயத்தில் தந்தையின் சொத்தையெல்லாம் அழிக்கிறான். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். அச்சிரிப்பினூடே, பெயரிடும் உரிமை யாருடையது என்னும் கேள்வி இல்லந்தோறும் இருந்ததையும் உணர்ந்திருப்பார்கள்.

பெயருக்கு அரசியல் ஆற்றலும் இருந்தது. ஏதென்ஸ் மக்கள் தமக்கு வேண்டாத தலைவனைப் பத்தாண்டுகள் நாடுகடத்த, பானை ஓடுகளில் அவன் பெயரைக் கீறி வாக்களித்தனர். அத்தகைய ஓடுகள் ஆயிரக்கணக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. கி.மு. 482இல் அரிஸ்டைடிஸ் இவ்வாறு வெளியேற்றப்பட்டான். எழுத்தறியாத குடியானவன் ஒருவன், எதிரே நிற்பவர் யாரென அறியாமல், இதில் அரிஸ்டைடிஸ் என்று எழுதித் தாரும் எனக் கேட்டானாம். அவர் உமக்கு என்ன தீங்கு செய்தார் என்றதற்கு, ஒன்றுமில்லை, எங்கும் அவரை நீதிமான் என்று சொல்லக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது என்றானாம். அரிஸ்டைடிஸ் மறுமொழி கூறாது தன் பெயரைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தான் என்று புளூட்டார்க் கூறுகிறார். 'சிறந்தோனின் மகன்' என்பது அப்பெயரின் பொருள். அன்று அப்பொருளுக்கு அவன் ஒரு குறையும் வைக்கவில்லை.

தந்தை பெயர் இல்லாதோர்

பெயரின் பெருமையைப் பேசும்போது அப்பெருமை மறுக்கப்பட்டோரையும் நினைக்க வேண்டும். அடிமைக்குத் தந்தை பெயர் கிடையாது. அவனுக்கு உடையவன் இட்டதே பெயர். அட்டிகா நாட்டில் அடிமைகளை அவர்கள் கொண்டுவரப்பட்ட நாட்டின் பெயராலோ, அந்நாட்டில் மலிந்த பெயராலோ அழைத்தனர் என்று நிலவியல் அறிஞர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். லிடியாவிலிருந்து வந்தவன் லிடோஸ். சிரியாவிலிருந்து வந்தவன் சிரோஸ். ஒனேசிமஸ் என்று ஒரு பெயர் உண்டு. 'பயன்படுபவன்' என்பது பொருள். கிறித்தவ வேதத்தில், பிலேமோன் என்பவருக்குப் பவுல் எழுதிய மடலில் வரும் அடிமையின் பெயர் அதுவே. முன்னர்ப் பயனற்றிருந்தவன் இப்போது உமக்கும் எனக்கும் பயனுள்ளவன் என்று பவுல் அப்பெயரின் பொருளைத் தொட்டே பேசுகிறார். ஒரு மனிதனை அவனால் விளையும் பயனைக் கொண்டே அழைத்த கொடுமை அப்பெயருக்குள் இருக்கிறது.

பெண்களின் நிலை வேறு வகையானது. குடும்பப் பெண்கள் உயிரோடிருக்கும்போது அவர்தம் பெயரை வழக்குமன்றத்தில் உச்சரிப்பதை ஏதென்ஸ் நாவலர்கள் தவிர்த்தனர். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்பதோடு நிறுத்திக்கொண்டனர். இறந்த பின் கல்லறைக் கற்களே அவர்கள் பெயரை வெளிப்படையாகச் சொல்லின. அமைதி எனப் பொருள்படும் ஐரீனி, நல்வரவு எனப் பொருள்படும் அஸ்பாசியா முதலிய அழகிய பெயர்கள் அவர்களுக்கு இருந்தன.

வெற்றியைக் கொணர்பவள் என்னும் பொருளுடைய பெரெனிக்கே என்பதும் ஒரு பெண்ணின் பெயரே. எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமி, செங்கடற்கரையில் தான் நிறுவிய துறைமுகத்துக்குத் தன் தாயின் நினைவாக அப்பெயரை இட்டான். நம் நாட்டு மிளகு இறங்கிய துறைகளுள் அதுவும் ஒன்று. அங்கே நடந்த அகழ்வில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு ஒன்று கிடைத்தது. அதிலுள்ளதைக் கொற்றம் என்னும் சொல்லின் அடியாகப் பிறந்த ஆட்பெயராக அறிஞர் படித்தனர். வெற்றியின் பெயர் பூண்ட கிரேக்க அரசியின் துறைமுகத்தில், வெற்றியின் பெயர் பூண்ட தமிழன் ஒருவன் தன் பானையில் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

தெய்வங்களின் கொடை

கிரேக்கப் பெயர்களில் மற்றொரு பெரும் பிரிவு தெய்வங்களின் பெயரோடு இணைந்தது. ஹிரோடோட்டஸ் ஹீரா தேவியின் கொடை. டையோஜெனிஸ் சியூஸ் வழிப் பிறந்தவன். டெமெட்ரியஸ் டெமீட்டர் என்னும் பயிர்த்தேவிக்கு உரியவன். இசிடோரஸ் எகிப்தியத் தேவி ஐசிஸின் கொடை. பழங்கிரேக்க ஆட்பெயர்களையெல்லாம் திரட்டும் பெரும்பணி ஒன்று 1972இல் பீட்டர் ஃப்ரேசரின் முயற்சியால் ஆக்ஸ்போர்டில் தொடங்கி, அதன் முதல் தொகுதி 1987இல் வெளிவந்தது. அதில் மிகுதியாகக் காணும் பெயர்களுள் டயோனிசியஸ், டெமெட்ரியஸ், அப்பல்லோனியஸ் ஆகிய தெய்வப் பெயர்கள் இடம்பெற்றுள்ளன.

இப்பெயர்களை வைத்து, தாங்கியவரின் வழிபாட்டை அறிந்துவிட முடியுமா? முடியாது என்பதற்கு இந்திய மண்ணிலேயே சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தில் விதிசைக்கு அருகிலுள்ள பெஸ்நகரில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ஒரு கல்தூண் நிற்கிறது. கிரேக்க அரசன் அன்டியால்கிடஸின் தூதனாகத் தட்சசீலத்திலிருந்து வந்த ஹெலியோடோரஸ் என்பவன் வாசுதேவருக்காக நாட்டிய கருடத்தூண் அது. தன்னைப் பாகவதன் என்றே அவன் கல்வெட்டில் அறிவிக்கிறான். ஆனால் அவன் பெயரோ கிரேக்கரின் சூரிய தெய்வமான ஹெலியோஸின் கொடை எனப் பொருள்படுவது. வழிபாடு வேறாயிற்று; பெயரை அவன் விடவில்லை. தியோனின் மகன் என்று தந்தையின் பெயரையும் மறவாமல் பொறித்தான்.

இரு மொழிகள் கலந்த இடங்களில் பெயர்கள் இரட்டை வாழ்வு வாழ்ந்தன. சிரியப் பாலைவனத்தின் தத்மூர் நகரை, அதாவது பல்மைராவை, ஆண்ட அரசி செனோபியாவின் மகன் பெயர் வஹ்பல்லாத். அரபியர் வணங்கிய அல்லாத் என்னும் தெய்வத்தின் கொடை என்பது பொருள். அவனே கிரேக்க மொழியில் அதெனோடோரஸ், அதாவது அதீனாவின் கொடை ஆனான். அல்லாத்தும் அதீனாவும் ஒன்றே என அந்நகரத்தார் கருதியதால், பொருள் நோக்கிப் பெயரை மொழிபெயர்த்தனர். தாயின் பெயரிலோ வேறு முறையைக் கையாண்டனர். அரமேய மொழியில் பத்ஸப்பை என்னும் அவள் பெயருக்கு ஒலியால் நெருங்கிய செனோபியா என்ற கிரேக்கப் பெயரைத் தேர்ந்தனர். கி.பி. 272இல் உரோமப் பேரரசன் ஔரேலியன் அவளைச் சிறைபிடித்தான். அரசு வீழ்ந்தது, காசுகளிலும் கல்வெட்டுகளிலும் இரு மொழிப் பெயர்களும் எஞ்சின.

புதிய சமயம், பழைய பெயர்

கிரேக்க உலகில் கிறித்தவம் பரவியபோதுதான் பெயர் பற்றிய கேள்வி கூர்மை பெற்றது. விட்டுவிட்ட தெய்வத்தின் பெயரை ஒருவன் தாங்கி நடக்கலாமா?

ஆகாது என்றவர்கள் உண்டு. 310ஆம் ஆண்டு வாக்கில் பாலஸ்தீனத்தின் சிசேரியா நகரில் ஆளுநர் முன் நிறுத்தப்பட்ட எகிப்தியக் கிறித்தவர் ஐவரைப் பற்றி வரலாற்றாசிரியர் யூசிபியஸ் எழுதியுள்ளார். பெற்றோர் இட்ட தெய்வப் பெயர்களைத் துறந்து, எலியா, எரேமியா, ஏசாயா, சாமுவேல், தானியேல் என்னும் தீர்க்கதரிசிகளின் பெயர்களை அவர்கள் சூடியிருந்தனர். உன் ஊர் எது என்று கேட்டபோது, எருசலேம் என்று விண்ணக நகரை மனத்திற்கொண்டு பதில் கூறினர். அப்படியொரு நகரை அறியாத ஆளுநர், அது எந்தத் திசையில் இருக்கிறது என்று துருவித் துருவி விசாரித்து, கடைசியில் ஐவரையும் கொல்வித்தார். அவர்களுக்குப் பெயர் மாற்றம் ஒரு புறச்சடங்கன்று. உயிரைக் கொடுத்துக் காத்த அறிக்கை.

ஆனால் பெரும்பாலோர் அவ்வழியே செல்லவில்லை. பவுல் உரோமாபுரிச் சபையாருக்கு எழுதிய மடலில் வாழ்த்தப்படும் கிறித்தவர்களுள் ஹெர்மிஸ் என்றும் நீரியஸ் என்றும் கிரேக்க தெய்வங்களின் பெயரையே தாங்கியோர் இருக்கின்றனர். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் போதித்த யோவான் கிறிசோஸ்தம், பாட்டன் முப்பாட்டன் பெயர்களை விடுத்து நல்லடியார்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு இடுமாறு பெற்றோருக்கு அறிவுரை கூறினார். பல விளக்குகளை ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து, நெடுநேரம் எரியும் விளக்கின் பெயரைக் குழந்தைக்குச் சூட்டும் மூடவழக்கத்தையும் அவர் கண்டித்தார். இந்த அறிவுரையிலிருந்தே நாம் ஒன்றை அறியலாம்: கிறித்தவர் ஆன பின்னும் மக்கள் பாட்டனார் பெயரை விடவில்லை.

நாளடைவில் ஓர் இணக்கம் ஏற்பட்டது. டெமெட்ரியஸ் என்னும் பெயருடைய ஒருவர் தெசலோனிக்காவில் தம் சமயத்திற்காக உயிர்நீத்தார். அன்றுமுதல் அப்பெயர் பயிர்த்தேவியை நினைவூட்டவில்லை. அந்தத் தியாகியையே நினைவூட்டிற்று. டயோனிசியஸ் என்றால் மதுத் தெய்வம் மறைந்து ஒரு புனிதர் தோன்றினார். பெயரைத் தாங்கிய மனிதன், பெயரின் பொருளை வென்றுவிட்டான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரப் பேராயராயிருந்த இசிடோர், சொற்களின் மூலத்தை ஆராயும் 'எதிமோலொகியே' என்னும் பெருநூலை இயற்றியவர். சொற்பிறப்பையே ஆராய்ந்த அப்பேராயரின் பெயரோ ஐசிஸ் தேவியின் கொடை! அதனால் அவருடைய சமயப்பற்றை ஐயுற்றவர் எவருமில்லை.

பைசாந்தியப் பேரரசின் நெடுங்காலத்தில் சாக்ரடீஸும் பெரிக்ளிஸும் அருகிப் போயினர். யோவான்னிஸ், யோர்யோஸ், கோன்ஸ்தாந்தினோஸ், திமித்ரியோஸ் ஆகியோர் பெருகினர். யோவான்னிஸ் நாம் யஹ்யா என்று அறிந்த பெயர். எபிரேய மூலம் உடையது. கோன்ஸ்தாந்தினோஸ் இலத்தீனிலிருந்து வந்தது. யோர்யோஸ் என்றால் நிலத்தை உழுபவன், தூய கிரேக்கச் சொல். திமித்ரியோஸ் பழைய தேவியின் எச்சம். நான்கு பெயர்களும் நான்கு வரலாறுகள். இவற்றைத் தாங்கிய அம்மக்களோ தம்மைக் கிரேக்கர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. 'ஹெல்லேனியர்' என்ற பழைய இனப்பெயர் சிலைவணக்கத்தாரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. அவர்கள் தம்மை உரோமர் என்றனர். அரபியரும் துருக்கியரும் அவர்களை 'ரூம்' என்றே அழைத்தனர்.

பகுதாதில் ஒலித்த பெயர்கள்

சொந்த மண்ணில் அருகிப்போன அப்பழம் பெயர்கள் அக்காலத்தில் பகுதாதில் நாள்தோறும் ஒலித்துக்கொண்டிருந்தன. ஒன்பதாம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவருடைய குழுவினரும் கிரேக்க நூல்களை அரபு மொழிக்குக் கொணர்ந்தபோது, ஆசிரியர் பெயர்களைப் பொருள் நோக்கி மொழிபெயர்க்கவில்லை, ஒலியையே காத்தனர். சாக்ரடீஸ் ஸுக்ராத் ஆனார், பிளேட்டோ அஃப்லாத்தூன், அரிஸ்டாட்டில் அரிஸ்தூ, யூக்ளிட் உக்லீதிஸ், தாலமி பத்லமியூஸ், காலென் ஜாலீனூஸ். அரபியில் பகர வல்லொலி இல்லாமையால் ஹிப்பாக்ரட்டீஸ் புக்ராத் ஆனார். பெயரிலிருந்த குதிரை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. பெயருக்குள் என்ன பொருள் இருந்தது என்பது அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. அப்பெயருக்குரியவர் என்ன கற்பித்தார் என்பதே வேண்டியிருந்தது. நம் யூனானி ஹகீம்கள் புக்ராத்தையும் ஜாலீனூஸையும் தம் பாட்டன்மார்போல் உரிமையோடு குறிப்பிடுவது அந்த மரபின் தொடர்ச்சியே.

அலெக்சாந்தரின் பெயர் அடைந்த மாற்றம் சுவையானது. அதன் தொடக்கத்திலுள்ள 'அல்' என்பதை அரபியர் தம் மொழியின் சுட்டுச் சொல்லாகக் கொண்டனர். அதனை நீக்கிய பெயர் இஸ்கந்தர் ஆயிற்று. பாரசீகம் வழியே சிக்கந்தர் ஆயிற்று. தமிழகத்தில் சிக்கந்தர் என்னும் பெயருடைய முஸ்லிம் பெரியவர் ஒருவரையேனும் அறியாத ஊர் அரிது. மனிதரைக் காப்பவன் என்னும் கிரேக்கப் பொருள் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தம் பாட்டனாரின் பெயர் அது என்பது மட்டும் தெரியும். அது போதும்.

1819ஆம் ஆண்டின் ஆணை

உஸ்மானியர் ஆட்சியின் கீழிருந்த கிரேக்கரிடையே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் புதிய கல்வி பரவியது. ஐரோப்பாவில் பயின்று திரும்பியோர் தம் முன்னோரின் நூல்களைப் புதுக்கண் கொண்டு நோக்கினர். பெயர்களிலும் அம்மாற்றம் தெரிந்தது. ஆசியா மைனரின் கரையிலுள்ள அய்வாலிக் நகரப் பள்ளிக்கு 1817இல் வந்த பிரெஞ்சு அறிஞர் ஃபிர்மன் திதோ, அங்கே மாணவர்கள் தமக்குள் பழங்கிரேக்கமே பேசுவதென உறுதி பூண்டு, பழம் பெயர்களையும் சூட்டிக்கொண்டதைப் பதிவு செய்துள்ளார். யான்னினா நகரை ஆண்ட அலீ பாஷா, நீங்கள் இப்போது பிள்ளைகளுக்கு யான்னி, பெத்ரோ என்று பெயரிடுவதை விட்டு லியோனிடாஸ், தெமிஸ்டாக்ளிஸ் என்கிறீர்களே, எதையோ மனத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று கிரேக்கரிடம் சொன்னதாகக் கூறுவர். ஆட்சியாளனுக்குப் பெயரின் மொழி விளங்கிவிட்டது.

திருச்சபைத் தலைமைக்கும் விளங்கியது. கான்ஸ்டாண்டிநோபிளின் தலைமைப் பேராயர் ஐந்தாம் கிரிகோரியும் அவருடைய ஆலோசனை அவையும் 1819 மார்ச்சில் வெளியிட்ட சுற்றறிக்கை, திருமுழுக்குப் பெறும் குழந்தைகளுக்குப் பழங்கிரேக்கப் பெயர்களை இடும் புதுவழக்கத்தைக் கண்டித்தது. அவருடைய அச்சத்தைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. நூற்றாண்டுகளாக அம்மக்களை ஒன்றாகக் கட்டிக்காத்தது சமயமே. யோர்யோஸ் என்று அழைத்தால் திரும்பிப் பார்ப்பவன் சபையின் பிள்ளை. லியோனிடாஸ் என்று அழைத்தால் திரும்பிப் பார்ப்பவன் யாருடைய பிள்ளை? இக்கேள்விதான் அவரை வருத்தியது. யோர்யோஸ் என்ற பெயரோடு பிறந்து, துறவியானபோது கிரிகோரியோஸ் ஆனவர் அவர். பெயர் மாறினால் மனிதன் வேறொரு வாழ்வுக்குள் நுழைகிறான் என்பதைத் தம் அனுபவத்தால் அறிந்தவர்.

இரண்டே ஆண்டுகளில் விடுதலைப் போர் மூண்டது. கிளர்ச்சியைப் பேராயர் சபித்து அறிக்கை விடுத்தும் உஸ்மானிய அரசு அவரை விடவில்லை. 1821 ஏப்ரலில், ஈஸ்டர் திருநாளன்று, அவருடைய இருக்கையின் வாயிலிலேயே அவரைத் தூக்கிலிட்டனர். பழம் பெயர்களைக் கண்டித்த அவரே, அப்பெயர்களைச் சூடியவர்கள் நடத்திய போரின் தியாகியாகப் போற்றப்பட்டார். சரியாக நூறாண்டு கழித்து 1921இல் அவரைப் புனிதராகச் சபை அறிவித்தது. ஸ்பெத்ஸஸ் தீவின் வீரப்பெண் புபுலினா போருக்குச் செலுத்திய கப்பலின் பெயர் அகமெம்னோன். விடுதலை பெற்ற நாட்டின் மக்கள் மீண்டும் ஹெல்லேனியர் ஆயினர். ஊர்ப் பெயர்களும் மாறின. சிதூனி லாமியா ஆயிற்று, சாலோனா அம்ஃபிஸா ஆயிற்று.

எஞ்சி நின்றது

அப்படியானால் பழம் பெயர்கள் வென்றனவா? இல்லை என்றே சொல்ல வேண்டும். சாக்ரடீஸும் அரிஸ்டாட்டிலும் மீண்டும் வீடுகளுக்குள் வந்தனர் என்பது உண்மை. கப்பல் வணிகத்தால் உலகப் புகழ் பெற்ற ஒனாசிஸின் (1906–1975) பெயர் அரிஸ்டாட்டில். அவர் தந்தையின் பெயர் சாக்ரடீஸ். ஆனால் இன்றும் கிரேக்க ஆடவரிடையே மிகுதியாக வழங்குபவை யோர்யோஸ், யோவான்னிஸ், கோன்ஸ்தாந்தினோஸ், திமித்ரியோஸ் என்பவையே. அவை பாட்டன்மாரின் பெயர்கள். புனிதர் பெயர் உடையோர் அப்புனிதரின் நாளைத் தம் பெயர்நாளாகக் கொண்டாடுகின்றனர். தமக்கெனப் புனிதர் இல்லாத பழம் பெயரினர் அனைத்துப் புனிதர் ஞாயிறைத் தம் நாளாக்கிக் கொண்டனர். சபை 1819இல் கண்டித்த பெயர்களுக்கும் சபையின் நாட்காட்டியில் ஓர் இடம் கிடைத்துவிட்டது.

உயர்குடிப் பெருமை பெயருக்காகப் போராடிற்று; சமயம் போராடிற்று; தேசியம் போராடிற்று. ஒவ்வொன்றும் தன் பெயர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. எதனாலும் மற்றதை முற்றாக அழிக்க முடியவில்லை. ஏனெனில் எந்தப் பெயரும் ஒரு தலைமுறை தாண்டியதும் யாரோ ஒருவருடைய பாட்டனாரின் பெயராகிவிடுகிறது. அதன்பின் அது கொள்கையன்று, உறவு.

கிரேக்கச் சிற்றூர்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. திருமுழுக்குச் சடங்கு கோயிலில் நடைபெறும்போது தாய் வீட்டிலேயே இருப்பாள். அதுவரை குழந்தைக்குப் பெயர் கிடையாது, வெறும் பாப்பாதான். ஞானத்தந்தை பெயரை உரைத்ததும் ஊர்ப் பிள்ளைகள் தாயிடம் முதலில் சொல்லிக் காசு பெறவேண்டும் என்று முண்டியடித்து ஓடுவர். அவர்கள் மூச்சிரைக்க வந்து சொல்லும் பெயரில் பயிர்த்தேவி இருக்கிறாளா, குதிரை இருக்கிறதா, புகழ் இருக்கிறதா என்று அந்தத் தாய் ஆராய்வதில்லை. திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரின் முகத்தையே அவள் திரும்பிப் பார்க்கிறாள். பெயரன் வந்துவிட்டான் என்பதை அம்முகம் சொல்லிவிடுகிறது.